விளையாடி முடிக்க ஆகும் நேரம்

ஒரு விளையாட்டு எவ்வளவு நேரம் ஓடும் என்று கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது. அது யார் விளையாடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் சொல்வது கம்ப்யூட்டரில் ஆடும் சாகச விளையாட்டுகளை. சுடுவது, ஓடுவது எல்லாம் அதில் அதிகம் இருக்காது. ஒரு கதை இருக்கும். அதற்குள் ஒரு ஆள் நடப்பான், கதவைத் திறப்பான், எதிரே வருபவர்களிடம் பேசுவான், பூட்டுக்குச் சாவி தேடுவான். அப்படி ஒன்றை என் மாப்பிள்ளை நாலு மணி நேரத்தில் முடித்துவிடுவான். எனக்கு எட்டு மணி நேரம் ஆகும். நான் எல்லாக் கதவையும் தட்டிப் பார்ப்பேன். ஓரமாக உட்கார்ந்திருக்கும் கிழவரிடம்கூட மூன்று முறை பேச்சுக் கொடுப்பேன், மூன்றாவது முறை வேறு ஏதாவது சொல்கிறாரா என்று. யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார். அதைக் காதில் வாங்காமல் போவது மரியாதை இல்லை.

அதனால்தான் அவன் எனக்கு ஆமை என்று பெயர் வைத்தான். அலுவலகத்தில் எல்லோருக்கும் நான் ‘ஆமை சார்’தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது.

நடந்ததை மட்டும் சொன்னால் போதும் என்கிறீர்கள். அதைத்தான் சொல்லப் போகிறேன். கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் உங்களுக்குப் பிடிபடும்.

அவனும் நானும் கல்லூரியில் ஒரே அறை. பையன்கள் ஒருவரையொருவர் மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்வது வழக்கம்தானே. நான் அவனை மாப்பிள்ளை என்றேன், அவன் என்னை மச்சான் என்றான். பிறகு ஒரு விடுமுறைக்கு அவனை வீட்டுக்கு அழைத்துப் போனேன். என் தங்கை அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு வருடத்தில், கேலிக்குக் கூப்பிட்டது நிஜமாகிவிட்டது. அப்பா சம்மதிக்கவில்லை. நான்தான் நடையாய் நடந்து பேசிச் சம்மதிக்க வைத்தேன். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவர்கள் இருவரும் என்னைத் தனியே இருக்க விடவில்லை. அவர்கள் வீட்டு மாடி அறையில்தான் பதினோரு வருடமாக இருந்தேன். தங்கை சாப்பாட்டைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டுக் கீழிருந்து குரல் கொடுப்பாள். நான் இறங்கிப் போவேன். நல்ல வீடு அது.

விளையாட்டு செய்யும் கம்பெனியை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் தொடங்கினோம். கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவனுடையது. கதையும் வசனமும் என்னுடையவை. படம் வரைய ஒரு பெண்ணை வைத்திருந்தோம். இன்னும் நாலைந்து பேர். ஒரு சரிவான தெருவில், பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றில் இடம் கிடைத்தது. அந்தக் கட்டடத்துக்குத் தெருவாசல் மேலே இருக்கும். எங்கள் அறை இரண்டு தளம் கீழே, சரிவின் அடியில். தெருவிலிருந்து உள்ளே வந்து லிஃப்டில் கீழே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் படி. என் மேஜை லிஃப்ட் சுவரை ஒட்டி இருந்தது. அது இறங்கும்போதெல்லாம் சுவர் லேசாக அதிரும். யார் வருகிறார்கள் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன்.

நாங்கள் செய்த விளையாட்டில், வெள்ளம் சூழ்ந்த ஒரு நகரத்தில் ஒரு பெண் காணாமல் போன தன் அண்ணனைத் தேடுகிறாள். அவ்வளவுதான் கதை. அதை ஐந்து பகுதியாகப் பிரித்து, சில மாதத்துக்கு ஒன்றாக வெளியிடுவது என்று முடிவு செய்தோம். அந்தப் பெண்ணுக்குக் குரல் கொடுத்தது என் தங்கை. வெளியாள் யாரையாவது வைக்கலாம் என்றுதான் மாப்பிள்ளை சொன்னான். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ‘அண்ணா’ என்று ஒரு வெளியாள் கூப்பிட்டால் எடுபடாது. அவள் பல் மருத்துவமனையில் வேலை முடித்துவிட்டு வந்து, எதிரொலி வராமல் இருக்கக் கம்பளி தொங்கவிட்ட ஒரு சின்ன அறையில் நின்றுகொண்டு பேசுவாள். ஒவ்வொரு ‘அண்ணா’வும் ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

மூன்று பகுதிகள் வந்தன. நிறையப் பேர் வாங்கினார்கள். நிறையப் பேர் திட்டினார்கள். உட்கார்ந்தால் இரண்டு மணி நேரத்தில் ஒரு பகுதி முடிந்துபோகிறது, மிச்சத்துக்கு மாதக்கணக்கில் வாய் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது, இது ஏமாற்று வேலை என்றார்கள். அதே விலைக்கு முழுசாக ஒரே தடவையில் வரும் விளையாட்டு இதைவிட நீளம் என்று ஒருவர் எழுதினார். அதற்குப் பிறகு எல்லோரும் அதையே எழுதினார்கள்.

மாப்பிள்ளை என்னிடம் வந்து மேஜை ஓரத்தில் உட்கார்ந்தான்.

“மச்சான், ஒரு உதவி. பகுதி பகுதியா வந்த கேம் எல்லாம் எடுத்துக்கோ. ஒரே தடவையில வந்தது எல்லாம் எடுத்துக்கோ. உக்காந்து ஆடிப் பாரு. எது எவ்வளவு நேரம் ஓடுதுன்னு சொல்லு.”

“நான் ஆடினா டபுள் ஆகுமேடா.”

“அதான் வேணும். நீ பாத்துச் சொன்னா அதுல ஓட்டை இருக்காது.”

அவன் என்னை நம்பினான் என்றுதான் அன்று நினைத்தேன். நான்காம் பகுதியை எழுதுவதை நிறுத்திவிட்டு இதில் இறங்கினேன். எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று எனக்கென்று விதிகள் வைத்துக்கொண்டேன். ஒருமுறை ஆரம்பித்தால் நடுவில் விடக்கூடாது. போன் வந்தால் அந்த நேரத்தைக் கழிக்க வேண்டும். கடைசியில் பெயர்கள் ஓடும் இடமும் விளையாட்டில் சேர்ந்ததுதான். கண் எரியும். தங்கை வெந்நீர் ஒற்றடம் கொடுப்பாள். “இப்படி ஒரு வேலையாண்ணா,” என்பாள்.

எனக்குத் தெரிந்தது இதுதான். நான் ஆடிப் பார்த்தவற்றில், பகுதிகளைக் கூட்டினால் முழு விளையாட்டின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. கொஞ்சம்தான் குறைவு. ஆனால் ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் முன்கதை வருகிறது, முடிவில் பெயர்கள் வருகின்றன. அதையெல்லாம் உரித்துவிட்டால் இன்னும் கொஞ்சம் குறைகிறது. கடிகாரத்தில் அப்படி. ஆனால் பகுதியாக வருவதை ஆடுகிறவன் ஒரு வருடம் அந்தக் கதையோடு குடும்பம் நடத்துகிறான். பல் துலக்கும்போது அதை நினைத்துக்கொள்கிறான். முழுசாக வந்ததை ஒரு வாரத்தில் முடித்துவிட்டு மறந்துவிடுகிறான். ஆகவே நீளமானது எது என்றால் பகுதியாக வருவதுதான். இதை நான் எல்லோர் முன்பாகவும் சொன்னேன். மாப்பிள்ளை எழுந்து நின்று கை தட்டினான். படம் வரையும் பெண்ணும் தட்டினாள்.

அதன் பிறகு அவன் நான்காம் பகுதியைப் பற்றிக் கேட்கவே இல்லை. நான் எழுதி முடித்துக் கொடுத்தேன். “பாக்கறேன் மச்சான்,” என்றான். ஐந்தாம் பகுதியையும் எழுதினேன். அதில்தான் அவள் அண்ணனைக் கண்டுபிடிக்கிறாள். மூழ்கிய கட்டடம் ஒன்றின் மொட்டை மாடியில், செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கிறான். ‘ஏன் இவ்வளவு நேரம்?’ என்று கேட்கிறான். நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி அது. “பாக்கறேன் மச்சான்,” என்றான் அதற்கும்.

வீட்டில் சாப்பிடும்போது இருவரும் வானிலையைப் பற்றிப் பேசினார்கள். தங்கை எனக்கு முன்னைவிட அதிகமாகப் பரிமாறினாள். எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை.

படம் வரையும் பெண் ஒருநாள் என் மேஜைக்கு வந்தாள். மழைக் காட்சியின் நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லித் தன் லேப்டாப்பில் ஓடவிட்டாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அது மூன்றாம் பகுதியின் கடைசிக் காட்சி. படகுத்துறை. கதையில் வரும் பெண் தண்ணீரில் மிதந்து வரும் ஒரு சட்டையை எடுக்க வேண்டும். நான் எழுதியதில், சட்டைப் பையில் ஒரு சாவி இருக்கும். இதில் சட்டைக்குள் ஆள் இருந்தான். என் தங்கையின் குரல் சொன்னது: ‘அண்ணன் இனிமே வரமாட்டான். நான் வீட்டுக்குப் போறேன்.’ பிறகு பெயர்கள் ஓடத் தொடங்கின.

“இது என்ன?” என்றேன்.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். “மூணு பகுதியையும் ஒண்ணாச் சேத்து ஒரே கேமா விடறோமே சார். நாலும் அஞ்சும் கிடையாதே.” பிறகு குரலைத் தாழ்த்தி, “உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். நீங்க கணக்குப் பாத்துச் சொன்னதாலதான் முடிவு பண்ணாங்கன்னு சார் சொன்னாரு,” என்றாள்.

முன்கதையை வெட்டு, இடையில் வரும் பெயர்களை வெட்டு, மூன்றையும் ஒட்டு. நான் உரித்துக் காட்டியதை மாப்பிள்ளை அப்படியே எடுத்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு வசனத்தையும் அவனே எழுதியிருந்தான். அதைத் தங்கை அந்தக் கம்பளி அறையில் நின்று பேசியிருக்கிறாள். ஒரே தடவையில் அவ்வளவு நன்றாக வந்திருக்காது. நாலைந்து முறையாவது பேசிப் பார்த்திருப்பாள். வீட்டுக்கு வந்து எனக்குச் சாப்பாடு மூடி வைத்திருப்பாள்.

நான் கோபப்படவில்லை. அன்று சாயங்காலம் இருவரையும் உட்கார வைத்துக் கேட்டேன்.

“நீ தாங்கமாட்டேன்னு அவரு சொன்னாருண்ணா,” என்றாள் தங்கை. “மெதுவா சொல்லலாம்னு இருந்தோம்.”

“நீ எப்ப அந்த வசனத்தைப் பேசின?”

அவள் அவன் பக்கம் திரும்பினாள். மாப்பிள்ளைதான் சொன்னான். “நாலு மாசம் ஆச்சு மச்சான்.”

நாலு மாதம். நான் ஐந்தாம் பகுதியை எழுதத் தொடங்கியதற்கும் முன்னால்.

“கம்பெனி நிக்கணும்ல,” என்றான். “இன்னும் ரெண்டு பகுதி செய்ய நம்மகிட்ட தெம்பு இல்ல. ஆடறவங்களுக்கு ஒரு முடிவு வேணும். குடுத்தாச்சு. இது ஒரு கேம் மச்சான். யாரும் நிஜமா சாகல.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. நான் மறுக்கவில்லை. சரி, சேர்த்து ஒட்டியது மொத்தம் எவ்வளவு நேரம் ஓடும் என்று நானே ஆடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டான். தங்கை அழுதாள். நிம்மதியில் அழுகிறாள் என்று தெரிந்தது. எனக்காக யாரும் அழவில்லை.

இனி லிஃப்ட் விஷயம். லிஃப்ட் மெக்கானிக்கை நீங்கள் பிடித்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் நல்ல மனிதர், வேலை சுத்தம். அவர் மேல் அநியாயமாகப் பழி விழக்கூடாது என்றுதான் நானாகவே வந்து பேசுகிறேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை அவர் வந்து லிஃப்ட் பெட்டியைத் தெருவாசலுக்கும் மேலே உள்ள தளத்துக்கு ஏற்றி அங்கேயே பூட்டினார். கதவின் பூட்டைப் பழுது பார்க்கக் கழற்றி எடுத்துப் போனார். அதனால் தெருவாசல் தளத்தில் லிஃப்டின் இரும்புக் கதவை யார் இழுத்தாலும் திறக்கும். பெட்டி அங்கே இருக்காது. குறுக்கே கயிறு கட்டி, பலகை மாட்டி, போதாததற்கு ஒரு ஸ்டூலையும் போட்டுவிட்டுத்தான் போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மட்டும்தான் வருவேன் என்று அவருக்குத் தெரியும்.

“திங்கக்கிழமை வந்து முடிச்சிடறேன் சார். யாரும் தொறந்திடாம கொஞ்சம் பாத்துக்கோங்க,” என்றார்.

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பார்த்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கயிற்றை அவிழ்த்தேன். பலகையைக் கழற்றிச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். ஸ்டூல் நடைவழியில் இடைஞ்சலாக இருந்தது, அதை ஓரமாக நகர்த்தினேன். லிஃப்ட் பக்கம் ஒரு விளக்கு உண்டு. பகல் நேரத்தில் விளக்கு எதற்கு என்று அதையும் அணைத்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் இதில் எதுவும் குற்றம் இல்லை. நான் கீழே வந்து மேஜையில் உட்கார்ந்து, விடியற்காலையில் தொடங்கியிருந்த விளையாட்டைத் தொடர்ந்தேன். கடைசி ஒன்றேகால் மணி நேர ஆட்டம் மிச்சம் இருந்தது. அப்போது மாப்பிள்ளைக்குப் போன் செய்து, கடைசிக் காட்சியில் ஒரு பிழை இருக்கிறது, வந்து பார்த்துவிட்டுப் போ என்றேன்.

பிழை எதுவும் இருக்கவில்லை. அவன் வேலையில் பிழை வராது.

தெருவாசலுக்கு வந்ததும் கூப்பிட்டான்.

“மச்சான், லிஃப்ட் ரிப்பேர்னு சொன்னாங்களே?”

“சரி பண்ணிட்டாங்க. உன் முட்டி வலிக்குப் படி வேண்டாம். அதுலயே வா.”

“லிஃப்ட் பக்கம் ஒரே இருட்டா இருக்கு,” என்றான்.

“பேசிக்கிட்டே வா,” என்றேன்.

கதவை இழுக்கும் சத்தம் போனிலும் கேட்டது, மேலேயும் கேட்டது. அதன் பிறகு சுவர் அதிர்ந்தது. வழக்கமான அதிர்வு இல்லை.

முதல் முறை நீங்கள் கேட்டபோது, ஹெட்போன் மாட்டியிருந்ததால் ஒன்றும் காதில் விழவில்லை என்று சொன்னேன். மாட்டியிருந்தது உண்மை. ஆனால் ஒரு செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவன் கிடந்தான். முதலில் வெறும் முனகல். பிறகு பேச்சு வந்தது. “மச்சான்,” என்றான். நான் உள்ளே இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும். “மச்சான், கால் அசையல. கதவத் தொற.” பதட்டமாகக்கூடக் கூப்பிடவில்லை. மாடிப்படியில் நின்று சாப்பிட வரச் சொல்வது போலத்தான் கூப்பிட்டான். அவனுக்குச் சந்தேகம் வரவில்லை. அது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது. ஏமாற்றப்படுகிறோம் என்பது தெரியாமலே ஒருவன் எவ்வளவு நேரம் இருக்க முடியும் என்று நான் ஏற்கெனவே பார்த்தவன். நாலு மாதம்.

நடுவில் நிறுத்தினால் கணக்குத் தப்பிவிடும். அதனால் ஆடிக்கொண்டே இருந்தேன். காதுக்குள் என் தங்கை ‘அண்ணா, அண்ணா’ என்று ஒவ்வொரு வீடாகத் தேடிக்கொண்டு போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவன் மச்சான் என்று கூப்பிட்டான். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நான் எந்தக் கதவையும் விடவில்லை. எல்லாவற்றையும் தட்டினேன்.

பாதியில் தங்கை போன் செய்தாள், நிஜத் தங்கை. விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு எடுத்தேன்.

“அண்ணா, அவரு வந்துட்டாரா? போன் அடிச்சா எடுக்கல.”

“இன்னும் வரலம்மா.”

“கிளம்பி ரொம்ப நேரம் ஆச்சே.”

“வழியில யாரையாவது பாத்துப் பேசிட்டு இருப்பான். அவனைப் பத்தித் தெரியாதா?”

அவள் சிரித்தாள். “வந்தா போன் பண்ணச் சொல்லு. நீயும் ஏதாவது வாயில போடு, கண்ணைக் கெடுத்துக்காத,” என்றாள். சுவரிலிருந்து அப்போதும் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. நான் போன் வாயைக் கையால் பொத்தியிருந்தேன். அவள் பேசிய அந்த நேரத்தை மொத்தக் கணக்கிலிருந்து கழித்துவிட்டேன். விதி விதிதான்.

படகுத்துறைக்கு வந்து சேர்ந்தேன். சட்டையை எடுத்தேன். ‘அண்ணன் இனிமே வரமாட்டான்’ என்று அவள் சொன்னதை முழுக்கக் கேட்டேன். நன்றாகத்தான் பேசியிருக்கிறாள், குறை சொல்ல முடியாது. பெயர்கள் ஓடின. கதை என்ற இடத்தில் அவன் பெயர் இருந்தது. என் பெயர் நன்றி என்ற தலைப்பின் கீழ், கட்டடக் காவலாளிக்கு அடுத்ததாக வந்தது. கடைசிப் பெயர் மறையும்வரை உட்கார்ந்திருந்தேன். ஹெட்போனைக் கழற்றியபோது சுவர் அமைதியாக இருந்தது.

ஒன்பதே முக்கால் மணி நேரம். அதைக் குறித்துக்கொண்ட பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்கள் சீக்கிரமே வந்தார்கள். உடம்புக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, அரை மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். தங்கை அப்போது என் தோளில்தான் சாய்ந்திருந்தாள்.

அவனைக் கொல்ல வேண்டும் என்று நான் திட்டம் போட்டதாக எழுதிக்கொள்ளாதீர்கள். விழட்டும் என்றுதான் நினைத்தேன். விழுந்த பிறகு நடந்தது வேறு. சரி, நீங்கள் கேட்கும் மாதிரியே சொல்கிறேன். கயிற்றை அவிழ்த்தது நான். லிஃப்ட் சரியாகிவிட்டது என்று பொய் சொல்லி வரவழைத்தது நான். அவன் உயிரோடு இருப்பது தெரிந்தே, அவன் கூப்பிடுவது கேட்டே, எழுந்து போகாமல் இருந்தது நான். மெக்கானிக்கை அனுப்பிவிடுங்கள்.

நேற்று நான் வந்து சுருக்கமாகச் சொன்னதை அப்போதே தங்கைக்கு நீங்களே சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். நல்லது. என் வாயால் சொல்வது சங்கடமாக இருந்திருக்கும். அவள் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனாள் என்றீர்கள். அவளை எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே கோபம் வந்தால் அவளால் அடக்க முடியாது. ஒருமுறை அவளுடைய குடையை நான் தொலைத்ததற்காக நடுத்தெருவில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கோபம் இருந்திருந்தால் இந்நேரம் இங்கே வந்து நின்றிருப்பாள். இன்னும் வரவில்லை. அவளுக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.